வரிசையில் முன்னால் நின்றவர்

எங்கள் ஊருக்குப் பண்பாட்டு வரத்துப்போக்கு வாரியம் வந்த கதையை நான் சொல்வதுதான் சரி. வாரியம் மாடியில் இருக்கிறது, என் ஜெராக்ஸ் கடை அதற்கு நேர் கீழே இருக்கிறது. மாடியில் என்ன நடந்தாலும் அதற்கு மூன்று நகல் வேண்டும். மூன்றையும் நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். படிக்காமல் நகல் எடுக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

வாரியம் பிறந்ததில் ரகசியம் ஒன்றும் கிடையாது. எங்கோ ஒரு மாநாட்டில் ஒரு பெரிய மனிதர் பேசினார். நம்முடையதையெல்லாம் உலகம் தூக்கிக்கொண்டு போய்விட்டது, உலகத்தினுடையதெல்லாம் நமக்குள் புகுந்துவிட்டது, எது போனது எது வந்தது என்று பார்க்க ஆளே இல்லை என்றார். கைதட்டல் பலமாக இருந்தது. அது ஓய்ந்தபோது ஒரு வாரியமும் ஓர் இயக்குநரும் நான்கு ஜீப்பும் ஏற்பட்டிருந்தன. காஞ்சி கோயிலும் பட்டும் இருக்கிற ஊர் என்பதால் முதல் கிளையை எங்கள் தலையில் கட்டினார்கள்.

விதி எளிமையானது. நூறு பேருக்கு மேல் கூடுகிற விசேஷம் எதுவானாலும், அதில் செய்யப்போகிற ஒவ்வொரு சடங்கும், உடுத்தப்போகிற ஒவ்வொரு துணியும், இலையில் விழப்போகிற ஒவ்வொரு பண்டமும் எந்த நாட்டிலிருந்து, யார் வழியாக வந்தது என்று எழுதிக் கொடுத்து மூலச் சான்று வாங்க வேண்டும். சான்று இல்லாவிட்டால் மண்டபத்துச் சாவி கிடையாது. இதற்காக வாரியம் மூன்று ரப்பர் ஸ்டாம்பு செய்து வைத்திருந்தது. ஒன்றில் ‘சொந்தம்’, ஒன்றில் ‘வரவு’, ஒன்றில் ‘சந்தேகம்’. முதல் இரண்டும் இன்றைக்கும் கடையில் வாங்கியது போலவே பளபளவென்று இருக்கின்றன. மூன்றாவதற்குப் போன மாதம்தான் கைப்பிடி மாற்றினார்கள்.

இந்த விதியில் வந்து மாட்டினவர் அப்பாதுரை.

அப்பாதுரை பிள்ளையார்பாளையத்தில் பாவு பிணைக்கிறவர். தறியில் நீளவாக்கில் ஓடுகிற பாவு ஒன்று தீரும்போது புதுப் பாவின் இழைகளைப் பழைய பாவின் இழைகளோடு ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். முடிச்சுப் போடக்கூடாது, போட்டால் நெய்யும்போது மாட்டிக்கொள்ளும். விரலில் கொஞ்சம் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இரண்டு முனையையும் சேர்த்து ஒரு முறுக்கு, ஒரு மடிப்பு. அவ்வளவுதான், இழுத்தாலும் வராது. அப்பாதுரை கைக்கு ஏகப்பட்ட கிராக்கி. தறிக்காரர்கள் நாள் குறித்து அவரைக் கூட்டிக்கொண்டு போவார்கள். அவர் அதிகம் பேசமாட்டார். வேலை செய்யும்போது இழையைப் பார்ப்பார், மற்ற நேரத்தில் தரையைப் பார்ப்பார்.

அவருடைய ஒரே மகள் ஜெயப்ரியாவுக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை ஆனந்தகுமார் ஏனாத்தூர்ப் பையன், ஒரகடத்தில் கார் கம்பெனியில் வேலை. ஏற்கெனவே இரண்டு இடம் கூடிவந்து கலைந்துபோன பெண். இந்த முறை தேதி தவறினால் மாப்பிள்ளை வீட்டார் அடுத்த முகூர்த்தத்துக்குக் காத்திருக்கமாட்டார்கள் என்று தரகர் நாசூக்காகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஓரிக்கைப் பக்கம் மண்டபம் பேசி, முன்பணமும் கொடுத்தபிறகு, மண்டபத்து மேனேஜர் மூலச் சான்று எங்கே என்று கேட்டார்.

விண்ணப்பம் நாற்பத்திரண்டு பக்கம். அதை என் கடையில்தான் வாங்கிக்கொண்டு போனார். அவரும் அவர் மனைவி கிருஷ்ணவேணியும் இரண்டு நாள் உட்கார்ந்து பூர்த்தி செய்தார்கள். ‘சாம்பார்: எங்கிருந்து பெறப்பட்டது’ என்ற இடத்தில் கிருஷ்ணவேணி ‘சமையல்காரர்’ என்று எழுதச் சொன்னாராம். ‘வாழைமரம்: யார் வழியாக வந்தது’ என்பதற்கு ‘தாமல் பெரியப்பா, டெம்போவில்’ என்று எழுதியிருந்தார்கள். எனக்கென்னவோ அந்த விண்ணப்பத்தில் ஒரு பொய்கூட இருந்ததாகத் தெரியவில்லை. வாரியத்துக்கு வந்த விண்ணப்பங்களிலேயே அது ஒன்றுதான் அப்படி.

நாற்பத்திரண்டு பக்கத்தையும் ஒன்றாகக் கோக்க வீட்டில் டேக் இல்லை. ஸ்டேப்ளர் பின் அவ்வளவு தடிமனுக்கு இறங்காது. அப்பாதுரை மூலையில் ஓட்டை போட்டு, வீட்டில் கிடந்த பட்டு நூல் கழிவில் ஒரு பிரியை எடுத்து உள்ளே விட்டு, அடுப்புச் சாம்பலைத் தொட்டு ஒரு முறுக்கு முறுக்கி மடித்துவிட்டார். யோசித்துச் செய்ததில்லை. கை அப்படிப் பழகிய கை.

மறுநாள் காலை வரிசையில் அவர்தான் முதல். அவருக்குப் பின்னால் நூல் வியாபாரி கௌஸ் பாஷா. அவர் மகள் ஷாஹீனுக்கு நிக்காஹ். மூன்றாவது நான். என் அக்கா பேரனுக்குக் காதுகுத்து. வாரியத்துக்குக் கீழேயே கடை வைத்திருந்தாலும் எனக்குச் சலுகை கிடையாது. சலுகை எந்த நாட்டு வழக்கம் என்று இன்னும் முடிவாகவில்லையாம்.

மூல ஆய்வு அலுவலர் மாணிக்கவேல் கெட்டவர் இல்லை. அவரைத் திட்டுகிறவர்கள் அவரோடு பேசிப் பார்க்காதவர்கள். எதைப் பார்த்தாலும் அது வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது என்ற கவலை அவரை வாட்டியது, அவ்வளவுதான். அப்பாதுரையின் விண்ணப்பத்தை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். மிளகாய் கடல் தாண்டி வந்தது, அதனால் சாம்பாரும் ரசமும் வற்றல் குழம்பும் சந்தேகம். பட்டு சீனத்துச் சமாசாரம், அதனால் கூறைப்புடவை சந்தேகம். ஜாக்கெட்டில் ஊக்கு இருக்கிறது, ஊக்கு சந்தேகம். நலங்கு வைக்கிற மஞ்சளுக்கு மட்டும் ‘சொந்தம்’ ஸ்டாம்பைக் கையில் எடுத்தார். எடுத்தவர், கல்யாணத்துக்கு முந்தின நாள் சிநேகிதிகளோடு மஞ்சள் பூசிக்கொள்கிற வடக்கத்தி ஹல்தி என்று ஜெயப்ரியா ஒரு வரி சேர்த்திருந்ததைப் பார்த்து ஸ்டாம்பைக் கீழே வைத்துவிட்டார்.

அப்பாதுரை, இரண்டுக்கும் ஒரே மளிகைக்கடையில் ஒரே பொட்டலம் மஞ்சள்தான் வாங்கியிருப்பதாகச் சொன்னார்.

“அதுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு” என்றார் மாணிக்கவேல்.

மாப்பிள்ளை பக்கத்திலும் ஒரு சிக்கல் இருந்தது. மாப்பிள்ளை ஏனாத்தூர், பெண் பிள்ளையார்பாளையம். மாப்பிள்ளை இந்த ஊருக்குள் வருவது பண்பாட்டு வரத்தா, பெண் அங்கே போவது பண்பாட்டுப் போக்கா, இல்லை இரண்டும் ஒரே நாளில் நடப்பதால் பரிமாற்றமா என்று தலைமையிடத்துக்கு எழுதிக் கேட்க வேண்டும் என்றார்.

அப்போதுதான் அது நடந்தது. எழுத்தர் துர்கா மேசையிலிருந்த விண்ணப்பங்களை அலமாரிக்குத் தூக்கிக்கொண்டு போகையில் ஃபேன் காற்றில் எல்லாம் சரிந்து விழுந்தன. பழைய விண்ணப்பங்கள் அத்தனையும் பக்கம் பக்கமாகப் பிரிந்து அறை முழுக்கப் பறந்தன. ஒருவர் வீட்டு வளைகாப்பு இன்னொருவர் வீட்டுக் கருமாதியோடு கலந்துபோனது. அப்பாதுரையின் நாற்பத்திரண்டு பக்கம் மட்டும் விழுந்த இடத்தில் அப்படியே கிடந்தது. துர்கா அதை எடுத்து, பட்டு நூலை இழுத்துப் பார்த்தார். அது வரவில்லை.

“எல்லாரும் இந்த மாதிரி கட்டிக்கினு வந்தா நான் ஏம்பா குனிஞ்சு பொறுக்கப் போறேன்?” என்று வரிசையைப் பார்த்துச் சொன்னார்.

துர்கா சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான். அதில் வரலாறும் இல்லை, பண்பாடும் இல்லை, ஓர் இடுப்பு வலி மட்டும் இருந்தது. ஆனால் அரசாங்க அறையில் சொல்லப்பட்ட வாக்கியம் சும்மா இருக்குமா? கௌஸ் பாஷா உடனே வெளியே போய்த் தன் கடையிலிருந்து நூல் கொண்டுவந்து, கட்டுகிற விதத்தை அப்பாதுரையிடம் கேட்டுக்கொண்டார். அடுப்புச் சாம்பலுக்கு எங்கே போவது? பையில் இருந்த ஊதுபத்திப் பாக்கெட்டில் ஒன்றைக் கொளுத்தி, அதன் சாம்பலைத் தொட்டு முறுக்கினார். அதைப் பார்த்து நான் முறுக்கினேன். என்னைப் பார்த்து எனக்குப் பின்னால் நின்றவர் முறுக்கினார். அவர் திருநீறு உபயோகித்தார்.

பதினைந்தே நாளில் விஷயம் எங்கேயோ போய்விட்டது. பட்டு நூலும் சாம்பலும் இல்லாத விண்ணப்பத்தை வாரியம் வாங்க மறுத்தது. விண்ணப்பத்தோடு சாம்பல் பொட்டலமும் நூலும் சேர்த்து நான் விற்கத் தொடங்கினேன். எவனாவது விற்பான், அது நானாக இருந்தால் என்ன? கிழக்கே பார்த்து முறுக்க வேண்டும் என்று உத்திரமேரூரிலிருந்து வந்த ஒருவர் சொல்லிவிட்டுப் போனார். முறுக்கும்போது பேசக்கூடாது என்றார் இன்னொருவர். சுமங்கலிகள் மூன்று முறுக்கு, மற்றவர்கள் இரண்டு என்று என் கடை வாசலில் ஓர் அம்மாள் அடித்துச் சொன்னபோது, யார் சொன்னார்கள் என்று கேட்டேன். எங்கள் வீட்டில் எப்போதும் அப்படித்தான் என்றார். அவர் விண்ணப்பம் வாங்கியதே முந்தின நாள், என்னிடம்தான்.

இதற்குள் ஊருக்குள் வேறொரு வியாதியும் இறங்கியிருந்தது. எல்லோரும் எல்லாவற்றையும் சந்தேகமாகப் பார்க்க ஆரம்பித்தார்கள். டீக்கடையில் பட்டர் பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார்கள். அடுத்த வீட்டுக் கோலத்தைப் பார்த்து, இது ஆந்திராக் கோலம் மாதிரி இருக்கிறதே என்று முணுமுணுத்தார்கள். நாற்பது வருஷமாகத் தெலுங்கு பேசிக்கொண்டு எங்கள் தெருவில் குடியிருக்கும் முனிரத்தினம் வீட்டுக்காரர்கள் வாசலில் குரலைத் தணித்துக்கொண்டார்கள். அப்பாதுரையோ சாப்பாட்டில் காய்ந்த மிளகாய் தட்டுப்பட்டால் ஓரமாக ஒதுக்கி வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பாராம். கிருஷ்ணவேணி என்னிடம் வந்து சொல்லி அழுதார். கல்யாணத்துக்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. சான்று வரவில்லை. அதுவரை அவர் விண்ணப்பத்தில் தடையின்றித் தேறியிருந்தது தண்ணீர் மட்டும்தான், அதுவும் பாட்டிலில் வைக்கக்கூடாது என்ற நிபந்தனையோடு.

அந்தச் சமயத்தில்தான் இயக்குநர் முனைவர் ஆனந்தராஜ் கிளையைப் பார்வையிட வந்தார். அலமாரி நிறைய, பட்டு நூலில் சாம்பல் தொட்டு முறுக்கிய கட்டுகள். இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். இது என்ன என்று கேட்டார். இங்கே வழக்கம் சார் என்றார் மாணிக்கவேல். எப்போதிலிருந்து என்று கேட்டார். மாணிக்கவேலுக்குத் தெரியவில்லை. அந்தக் கட்டுகளை அவர் தினமும் வாங்கி வைப்பவர்தான், ஆனால் வழக்கம் என்று வாயால் சொன்ன பிறகு அதற்குத் தேதி சொல்வது மரியாதையில்லை என்று பட்டிருக்கும்.

உடனே ஆய்வு நடந்தது. வரிசையில் நின்ற நாற்பது பேரிடம் கேள்வி கேட்டார்கள். என்னையும் கேட்டார்கள். யாரைப் பார்த்துச் செய்தீர்கள் என்றார்கள். முன்னால் நின்றவரைப் பார்த்து என்றேன். அது உண்மை. அவருக்கு முன்னால் நின்றவர் யார் என்று அவர்கள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாடியோடு பகைத்துக்கொண்டு கீழே கடை நடத்த முடியுமா?

அடுத்த வாரமே கருத்தரங்கு. அப்பாதுரையும் கௌஸ் பாஷாவும் வந்திருந்தார்கள். கருத்தரங்கில் கலந்துகொண்டால் விண்ணப்பம் சீக்கிரம் நகரும் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். மேடையில் ஒரு கண்ணாடிப் பெட்டி. அதற்குள் பட்டு நூலில் கட்டிய ஒரு விண்ணப்பம். என் அக்கா பேரனுடைய காதுகுத்து விண்ணப்பம்தான் அது, கையெழுத்தை வைத்துக் கண்டுபிடித்தேன். இயக்குநர் பேசினார். பேச்சை நான்தான் பிறகு நகல் எடுத்தேன், அதனால் ஒரு வார்த்தை தவறாமல் சொல்ல முடியும்.

“ஒரு வழக்கம் மிகப் பழையது என்பதற்கு ஒரே நம்பகமான சான்று, அது எப்போது தொடங்கியது என்று எவருக்கும் தெரியாமல் இருப்பதுதான். நாற்பது பேரைக் கேட்டோம். நாற்பது பேருக்கும் தெரியவில்லை. முன்னால் நின்றவரைப் பார்த்துச் செய்தோம் என்றார்கள். அந்த முன்னால் நின்றவர் யார்? அவர்தான் நம் மூதாதை. இரண்டாயிரம் ஆண்டுகளாக நம் மக்கள் ஒரே வரிசையில் நின்றுகொண்டிருக்கிறார்கள் என்பதை இந்த வாரியம் பெருமையோடு நிரூபித்திருக்கிறது.”

பிறகு உலகத்துக்குப் போனார். சீமையில் வழக்குக் கட்டுகளைச் சிவப்பு நாடாவால் கட்டுவது இங்கிருந்து கப்பலில் போனது என்றார். ஜப்பானில் பரிசுப்பொருளைக் கட்டுவது, பட்டமளிப்பு விழாவில் பட்டத்தைச் சுருட்டி ரிப்பன் கட்டுவது எல்லாம் நாம் கொடுத்தது என்றார். உலகத்தில் எவன் எங்கே காகிதத்தைக் கட்டினாலும் அங்கே காஞ்சி இருக்கிறது என்று அவர் முடித்தபோது நானே ஒரு கணம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள்.

அப்பாதுரை எழுந்தார். அவர் கூட்டத்தில் எழுந்து நான் பார்த்ததே இல்லை.

“சார், அது போன மாசம் நான் கட்டினதுங்க. ஊட்ல டேக் இல்ல, அதான்.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். முன்வரிசை முழுவதும் திரும்பி, பந்தியில் அழையாமல் உட்கார்ந்தவனைப் பார்ப்பது போல அவரைப் பார்த்தது. அப்பாதுரை என் பக்கம் திரும்பினார். எனக்கு அப்போது கைப்பேசியில் அவசரமாக ஒன்றைப் பார்க்க வேண்டியிருந்தது. கௌஸ் பாஷா மட்டும் எழுந்து, அவர் சொல்வது நிஜம், அவரைப் பார்த்துத்தான் நான் கட்டினேன் என்றார். நீங்கள் என்ன சாம்பல் உபயோகித்தீர்கள் என்று மேடையிலிருந்து கேட்டார்கள். ஊதுபத்திச் சாம்பல் என்றார் அவர். உங்கள் குடும்பம் எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்டார்கள். என் தாத்தாவுக்குத் தாத்தா பிறந்ததே இந்த ஊரில் என்றார். அதற்கு முன்னால் என்றார்கள். ஆர்க்காட்டு நவாபு காலத்தில் வந்தவர்கள் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள், சந்தேகம் என்று குறித்துக்கொண்டார்கள். அவர் உட்கார்ந்துவிட்டார். மகள் நிக்காஹுக்கு அவருக்கும் சான்று வந்திருக்கவில்லை.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது அப்பாதுரையை மாடிக்கு விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். என்னை நகல் எடுக்கக் கூப்பிட்டார்கள், அதனால் நானும் இருந்தேன். இயக்குநர், மாணிக்கவேல், துர்கா மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மிரட்டல் எதுவும் இல்லை. டீ கொடுத்தார்கள்.

இயக்குநர் பொறுமையாக விளக்கினார். யாரும் எதையும் புதிதாகச் செய்வதில்லை, எல்லாம் எங்கிருந்தோ எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறது, வாரியமே அந்த அடிப்படையில்தான் நடக்கிறது என்றார். விண்ணப்பத்தில் ‘யாரிடமிருந்து பெறப்பட்டது’ என்ற பத்தியில் ‘நானே’ என்று எழுத இடம் விடவில்லை, காரணமாகத்தான் விடவில்லை என்றார். போன மாதம் ஒருவர் டேக் இல்லாமல் செய்தது என்று ஆகிவிட்டால் கருத்தரங்கு போய்விடும், அடுத்த வாரம் வெளிநாட்டிலிருந்து வரப்போகிற குழு போய்விடும், அந்த முறையில் கட்டிய விண்ணப்பங்கள் அத்தனையும் செல்லாமல் போய்விடும். அதில் உங்கள் மகளுடையதும் இருக்கிறது என்று, நிஜமான வருத்தத்தோடுதான் சொன்னார்.

“அப்போ நான் இன்னா சார் பண்ணணும்?”

“ஒண்ணுமில்ல. மத்தவங்களைப் பார்த்துக் கத்துக்கிட்டேன்னு ஒரு உறுதிமொழி. சான்று இன்னைக்கே கையில.”

அப்பாதுரை தரையைப் பார்த்தார். “அன்னிக்கு வரிசைல நான்தான் மொதல்ல நின்னேன் சார். எனக்கு முன்னாடி யாரும் இல்லியே” என்றார்.

மூன்று பேரும் இதை எதிர்பார்க்கவில்லை. கடைசியில் மாணிக்கவேல்தான் வழி கண்டுபிடித்தார்.

“பின்னாடி நின்னவரைப் பார்த்துக் கத்துக்கிட்டேன்னு எழுதுங்க.”

எழுதினார். கௌஸ் பாஷாவைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாக அப்பாதுரை உறுதிமொழி கொடுத்தார். அப்பாதுரையைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாக கௌஸ் பாஷா ஏற்கெனவே கொடுத்திருந்தார். இரண்டையும் நான்தான் நகல் எடுத்தேன், இரண்டும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து இருக்கின்றன, இரண்டிலும் சரிபார்க்கப்பட்டது என்று கையெழுத்து இருக்கிறது. உறுதிமொழியின் கடைசி வரியில், இது பொய் என்று தெரியவந்தால் சான்று அந்த நிமிடமே ரத்தாகும், விசேஷம் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் நிறுத்தப்படும் என்று இருந்தது. அப்பாதுரை அந்த வரியை இரண்டு முறை படித்தார்.

அன்று மாலையே சான்று வந்தது. சாம்பார் வந்தது, கூறைப்புடவை வந்தது, ஊக்கு வந்தது, மாப்பிள்ளையும் வந்தார். ஒரே கையெழுத்தில் எல்லாம் சொந்தமாகிவிட்டன. சந்தேகம் எங்கே போயிற்று என்று நான் துர்காவைக் கேட்டேன். அவர் நகல்களை எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டு போனார்.

கல்யாணத்தன்று ஓரிக்கை மண்டபத்தில் நல்ல கூட்டம். மூன்றாவது வரிசையில் மாணிக்கவேல் பேனாவும் நோட்டுமாக உட்கார்ந்திருந்தார். வாரியம் அந்த வாரம்தான் புதிதாக ஓர் உத்தரவு போட்டிருந்தது. தாலி கட்டுவதற்கு முன், பெண் வீட்டுச் சான்றையும் மாப்பிள்ளை வீட்டுச் சான்றையும் ஒன்றாக வைத்து, பட்டு நூலும் சாம்பலும் கொண்டு, தொன்மையான முறைப்படி மேடையில் பிணைக்க வேண்டும். அதை யார் வேண்டுமானாலும் செய்துவிட முடியாது. வாரியத்தில் இரண்டு நாள் பயிற்சி பெற்றுச் சான்றிதழ் வாங்கிய பிணைப்பாளர்தான் செய்ய வேண்டும். அனுப்பப்பட்டவர் கமல் என்ற ஒருவர். அதற்கு முன்னால் இன்ஷூரன்ஸில் இருந்தார். பட்டு வேட்டி, கழுத்தில் அடையாள அட்டை.

கமல் நூலை நுழைத்தார், சாம்பலைத் தொட்டார், முறுக்கினார், விட்டார். நூல் பிரிந்துவிட்டது. மறுபடி முறுக்கினார். மறுபடியும் பிரிந்தது. மேளக்காரர்கள் அடிக்கலாமா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐயர் முகூர்த்தம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான் என்றார். மாப்பிள்ளையின் அம்மா நீலாம்பாள் முகம் சுருங்கத் தொடங்கியது. இந்தப் பெண்ணுக்கு எல்லாம் கைகூடி வந்து கலைகிறது என்று அவருக்குப் பக்கத்தில் யாரோ சொன்னது எனக்கே கேட்டது. மூன்றாவது முறையும் நூல் பிரிந்தது. அவர் சாம்பலைப் பிடி பிடியாக அள்ளியிருந்தார், அவ்வளவு சாம்பலில் எந்த நூலும் நிற்காது.

அப்பாதுரை மேடையில் கமலுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தார். அவர் வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தானாகவே ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

ஜெயப்ரியாவும் பார்த்தாள். மணையிலிருந்தபடியே கை நீட்டி, கமலின் கையிலிருந்து நூலையும் காகிதங்களையும் வாங்கி அப்பாவிடம் நீட்டினாள்.

“நீ போடுப்பா. நீ கட்டினதுதான இது, அம்மா சொல்லிச்சு.”

மாணிக்கவேல் நோட்டைத் திறந்தார். வெறுமனே திறந்தாரா, எழுதத் திறந்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கிருஷ்ணவேணி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். அப்பாதுரை அவரைப் பார்த்த பார்வையில் அவர் வாய் மூடிக்கொண்டது. பிறகு அப்பாதுரை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“நான் இல்லமா. எனக்கு அதெல்லாம் தெரியாது. நான் பாத்து கத்துக்கினவன்தான்.”

மூன்றாவது வரிசைக்கும் கேட்கிற மாதிரிச் சத்தமாகச் சொன்னார். ஜெயப்ரியா அவர் முகத்தைப் பார்த்தாள். பெற்ற தகப்பனை அவள் அப்படிப் பார்த்து நான் பார்த்ததில்லை. வாரியத்து மாடியில் விண்ணப்பத்தைப் புரட்டும்போது மாணிக்கவேல் பார்ப்பாரே, அந்தப் பார்வை. அப்பா இதுவரை தன்னிடம் சொன்னதில் எதெல்லாம் நிஜம் என்று அவளுக்குள் ஒரு கேள்வி எழுந்திருக்க வேண்டும். அவள் நூலைக் கமலிடம் திருப்பிக் கொடுத்தாள்.

“நீங்களே பண்ணிடுங்க சார்” என்றாள்.

கமல் இந்த முறை முறுக்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று முடிச்சுப் போட்டார். நூல் நின்றது. மாணிக்கவேல் முறைப்படி நடந்தது என்று எழுதிக்கொண்டு நோட்டை மூடினார். மண்டபமே கை தட்டியது. நானும் தட்டினேன்.